ரெண்டு டிஸ்க்கும் ஒரு கல்யாணமும்

என் கொழுந்தனோடு நான் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர் தகராறு" என்று என் மாமியார் சொல்லிவிடுகிறார். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். வரப்புத் தகராறு என்றால் நியாயம் பேச நாலு பேர் வருவார்கள். இதற்கு யாரும் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் தள்ளி எங்கள் ஊர். வேலை எல்லாம் வீட்டிலிருந்துதான். ஸ்டூடியோக்காரர்கள் மண்டபத்துக்குப் போய்ப் படம் பிடிப்பார்கள். பிடித்ததை மெமரி கார்டோடு என்னிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் வெட்டி, சேர்த்து, பாட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நான் படித்தது பி.எஸ்ஸி. கணக்கு. எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், கணவர் நெல் மண்டிக்கு வேலைக்குப் போன பிறகு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டது. இப்போது இந்தத் தாலுகாவில் எந்த முகூர்த்தத்தில் எந்தப் பொண்ணு அழுதாள், எந்த மாமன் சீர் கொண்டுவரும்போது கால் தடுக்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

கல்யாண வீடியோ ஏராளமாக இடம் பிடிக்கும். முகூர்த்த மாசங்களில் மேஜை முழுக்க ஹார்ட் டிஸ்க்காகக் கிடக்கும். அதில் ஒன்று ஒருநாள் கை தவறிக் கீழே விழுந்து செத்துப்போனது. ஒரு காதுகுத்து முழுக்க அதில் இருந்தது. ஸ்டூடியோக்காரர் கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தத் தடவை பிழைத்தேன். அப்போதுதான் முடிவு பண்ணினேன். எல்லா வீடியோவையும் வைக்க வீட்டில் ஒரு சர்வர் வேண்டும். அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்பட வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இதற்கு மிரர் என்று பெயர்.

என் கொழுந்தனுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவனுக்குத்தான் போன் போகும். நானும் அவனிடமே சொன்னேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றும், நாலு டெராபைட், அதாவது நாலு டிபி, டிஸ்க் இரண்டும் அவன் சொன்னபடியே வாங்கி வைத்தேன். ஒரு சனிக்கிழமை வந்தான்.

"தம்பி, ரெண்டுலயும் ஒண்ணே இருக்கணும். ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணு இருக்கணும். மிரர்னு சொல்றாங்களே, அது."

"தெரியும் அண்ணி. தெனம் இதத்தான் நான் பண்ணிக்கினு கீறேன்."

ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்தான். மீன் குழம்பு சாப்பிட்டான். "எல்லாம் ரெடி" என்று எழுந்தான். நாலு டிபி என்று விற்கிற டிஸ்க்கைத் திரை மூன்று புள்ளி ஆறு என்றுதான் காட்டும். ஆனால் மொத்த இடம் ஏழு புள்ளி இரண்டு டிபி என்று காட்டியது. எனக்கு உறுத்தியது. இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றே இருக்கும் என்றால், ஒரு டிஸ்க்கின் அளவுதானே காட்ட வேண்டும்? கேட்டேன்.

"அதெல்லாம் அப்டித்தான் காட்டும் அண்ணி. உள்ள அது பாத்துக்கும். நீங்க ஏன் அதப் போட்டு கொழப்பிக்கிறீங்க?"

கணக்குப் படித்தவள் நான். இரண்டு டிஸ்க்கையும் கூட்டினால் என்ன வரும் என்பது கண்ணெதிரே எழுதியிருந்தது. அதை விட்டுவிட்டு ஆளை நம்பினேன். இந்த ஒரு விஷயத்தில் அவன் மேல் இருப்பதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

மறுநாளே உத்திரமேரூர் ஸ்டூடியோக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "என்கிட்ட இனிமே எப்பவும் ரெண்டு காப்பி இருக்கும் சார். நீங்க கார்ட தைரியமா அழிச்சிக்கலாம்." முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கார்டு பத்தாமல் அல்லாடுகிறவர் அவர். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

அந்த ஆவணியில் காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு கல்யாணம் நடந்தது. விவசாயக் குடும்பம், ஒரே பெண். இரண்டு கேமராவில் எடுத்திருந்தார்கள். சர்வரில் ஏற்றிவிட்டு, இரண்டு கேமராவையும் நேரம் பொருத்தி வைப்பதற்காக முழுக்க ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டூடியோக்காரர் கார்டை அழித்து அடுத்த மண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டார். எனக்கு முன்னால் ஏழு கல்யாணம் வரிசையில் இருந்ததால் இதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன்.

நாற்பது நாள் கழித்து அந்தப் பெண் போன் பண்ணினாள். அவள் அப்பா மோட்டார் கொட்டகைப் பக்கம் மயங்கி விழுந்து இறந்துவிட்டார். காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகிறதாம்.

"அக்கா, முழுசா எடிட் பண்ணித் தர வேணாம். எங்க நைனா வர்ற எடம் மட்டும் வெட்டிக் குடுங்கக்கா. எங்கம்மா சோறு துண்ணாம ஒக்காந்துகினு கீது. அதப் பாத்தாலாவது…"

"வெள்ளிக்கிழமைக்குள்ள தர்றேன்மா" என்றேன். முன்னால் இருந்த ஏழையும் அதற்குள் முடித்துக் கொடுத்திருந்தேன், பாக்கி இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை சர்வரிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு திரையில் எதுவும் திறக்கவில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் பதறவே இல்லை. ஒரு டிஸ்க் செத்துவிட்டது, இன்னொன்று இருக்கிறது, இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன். நிதானமாக நாஷ்டா சாப்பிட்டேன். செத்ததைக் கழற்றி வைத்துவிட்டு நல்லதை மட்டும் போட்டு ஓட விட்டேன். வரவில்லை. ஒயரை மாற்றினேன். வரவில்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "மீட்டிங்ல கீறேன் அண்ணி, அப்பறமா பாக்கறேன்" என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு டிஸ்க்கையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினேன். அங்கிருந்து ரயிலில் சென்னை. கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்கிற கடை ஒன்றை ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். கடையில் நடு வயசு அம்மா ஒருத்தர் இருந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார்.

"யாரும்மா இத செட் பண்ணது?"

"எங்க வூட்டுக்காரர் தம்பி. மிரர் பண்ணிக் குடுத்தாரு."

"இது மிரர் இல்லம்மா. ரெண்டையும் சேத்து ஒரே பெரிய டிஸ்க்கா ஆக்கியிருக்காங்க. ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டா நறுக்கி, ஒரு துண்டு இதுல, ஒரு துண்டு அதுலன்னு மாத்தி மாத்தி எழுதும். வேகமா இருக்கும், இடமும் ரெட்டிப்பா கிடைக்கும். ஆனா ஒண்ணு போனா ரெண்டும் போன மாதிரிதான். உங்க நல்ல டிஸ்க்ல இருக்கறது எல்லாம் பாதிப் பாதி. செத்ததுல உள்ள தகடே கீறிப் போயிருக்கு. அதுலேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியாதும்மா."

நான் பயந்ததைவிட இது மோசம். ஒரே டிஸ்க்கை வைத்திருந்தால் ஒரு டிஸ்க்கின் ஆயுசுதான் பயம். இவன் இரண்டு டிஸ்க்கில் எது செத்தாலும் எல்லாம் போகிற மாதிரி பண்ணி வைத்திருந்தான். நான் பாதுகாப்புக் கேட்டேன். அவன் ஆபத்தை இரட்டிப்பாக்கிக் கொடுத்துவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டுப் போயிருக்கிறான்.

கடை வாசலிலேயே நின்று போன் பண்ணினேன். நாலாவது தடவை எடுத்தான்.

"நீ மிரர் பண்ணலியா தம்பி?"

"அண்ணி, மிரர் பண்ணா பாதி எடம் வேஸ்ட். உங்க வேலைக்கு எடம்தானே வேணும்? ஒரு மாசத்துல பத்தலன்னு என்கிட்டதான வருவீங்க. அதான் சேத்துப் போட்டேன்."

"அத என்கிட்ட சொன்னியா?"

"சொன்னா வேணாம்னுவீங்க. உங்களுக்குப் புரிய வெக்கறது பேஜாரு அண்ணி."

அன்றைக்கு அந்தத் தெருவில் நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஜூஸ் கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்காரச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "சரி, போனது போச்சி. கேமராவுல பழுதுன்னு சொல்லிடு" என்றார். கேமராவில் பழுது என்றால் அது ஸ்டூடியோக்காரர் தலையில் விழும். அவர் என் வார்த்தையை நம்பிக் கார்டை அழித்தவர். முடியாது என்றேன். சனிக்கிழமை காலை நானே காவாந்தண்டலம் போனேன்.

வாசலில் காரியத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், பென் டிரைவ் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, உள்ளே ஓடி டி.வி.யைப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் போய்விட்டது, ஒன்றுகூட இல்லை, என் மெஷினில் வைத்துத்தான் போனது என்று நின்றபடியே சொன்னேன்.

"ரெண்டு காப்பி கீதுன்னு நீங்கதானே சொன்னீங்களாம்? ஸ்டூடியோக்காரரு சொன்னாரே?"

"சொன்னேம்மா. அப்டித்தான் கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நெனச்சிக்கினு இருந்தீங்களா?" என்று அவள் கேட்ட குரலை இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது. "எங்க நைனா இன்னொரு தபா வந்து தாரை வாத்துக் குடுப்பாரா? போங்கக்கா. தயவு பண்ணிப் போய்டுங்க."

நான் திரும்பினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நீ பாத்தியாம்மா? அந்தப் படத்த நீ பாத்தியா?"

"பாத்தேம்மா. முழுசும் ஒருதரம் பாத்தேன்."

"அவுரு இன்னா பண்ணாரு, சொல்லு."

கீழே உட்கார்ந்து சொன்னேன். தாரை வார்க்கும்போது செம்பு கொஞ்சம் ஆடியது, ஐயர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியது, எல்லாரும் அட்சதை போட்டார்கள். அவர் மட்டும் போடவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு மூடின கையைத் திறந்து பார்த்தார், அரிசி அப்படியே இருந்தது. சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஜோபியில அரிசி இருந்துச்சிம்மா. நான்தான் அந்தச் சட்டையத் தொவைச்சேன். சின்னப் புள்ள மாதிரி ஜோபியில அரிசியப் போட்டுக்கினு வந்துக்கீறியேன்னு அவரத் திட்டிக்கினே தொவைச்சேன். ஒண்ணும் சொல்லாம நின்னாரு."

அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். மாமியார்தான் சமாதானம் பண்ண வரவழைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே, "சாரி அண்ணி. டிஸ்க் சாவும்னு நான் கனவா கண்டேன்?" என்றான்.

"டிஸ்க் சாவும்னுதான் நான் மிரர் கேட்டேன். நான் கேட்டது இன்னா, நீ பண்ணது இன்னா?"

"அதான் சாரின்னு சொல்லிட்டேனே. போதாதா?"

"எனக்கு வேணாம் உன் சாரி. காவாந்தண்டலத்துக்கு வா. அந்தப் பொண்ணு எதிர்ல நின்னு, 'எடம் வேஸ்ட் ஆவும்னு நான்தான் இப்படிப் பண்ணேன்'னு சொல்லு."

"அவங்க யாரு எனக்கு? நான் ஏன் போய் சொல்லணும்?"

மாமியார் குறுக்கே வந்தார். "வுடும்மா. அவன் உனக்கு நல்லது நெனச்சித்தானே பண்ணான்? படிச்ச புள்ளய ஊரு ஊரா இட்டுக்கினு போயி கை கட்டி நிக்க வெப்பியா?"

நானும் படித்தவள்தான். அதை அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. என் வேலை, என் சர்வர், என் வாக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதை வாய் விட்டுத் தெளிவாகச் சொல்லவும் செய்தேன். ஆனாலும் எனக்கு எது நல்லது என்று வேறு ஒருத்தன் முடிவு பண்ணினான், என்னிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பெயர் நல்லதாம். கோபப்பட்டதற்கு நான்தான் பொல்லாதவள். அவன் அன்றைக்குச் சாயந்திரமே கிளம்பிப் போனான். ராத்திரி போனில் கும்பிடுகிற கை பொம்மை ஒன்று அனுப்பினான். அத்தோடு அவன் கணக்கில் முடிந்துவிட்டது.

என் கணக்கில் முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நானே உட்கார்ந்தேன். புதிதாக இன்னொரு டிஸ்க் வந்தது. புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று நாள் ஆனது. கடைசியில் பார்த்தால், இரண்டு டிஸ்க்கை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று திரையில் வரிசையாக நாலைந்து பெயர் வருகிறது. அதில் மிரர் என்பதைத் தொட வேண்டும். அவ்வளவுதான். அவன் அதற்குப் பக்கத்துப் பெயரைத் தொட்டிருக்கிறான். ஒரு விரல் அகலம்கூட இல்லை நடுவில். மொத்த இடம் மூன்று புள்ளி ஆறு என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மேஜையை ஓங்கி அடித்தேன், டம்ளர் கீழே விழுந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றையா எனக்குப் புரிய வைப்பது பேஜார் என்று சொன்னான்?

பிறகு சோதித்தேன். பழைய டிஸ்க் ஒன்றில் இருந்த நிச்சயதார்த்த வீடியோவை அதில் போட்டேன். மெஷினை நிறுத்தி ஒரு டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட விட்டேன். படம் ஓடியது. அதைத் திரும்ப மாட்டி, இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் காத்திருந்து, மற்றதைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர், "எதுக்கும்மா நல்லாக் கீறத புடுங்கிப் புடுங்கிப் பாக்கற?" என்றார். "புடுங்கிப் பாக்காததாலதான் இந்தக் கதி" என்றேன்.

மிரர் மட்டும் போதாது என்பதும் அந்த நாட்களில்தான் புரிந்தது. நான் தவறுதலாக எதையாவது அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். அதனால் மூன்றாவதாக ஒரு டிஸ்க் ராஜகுளத்தில் என் தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கிறது. மாசம் இரண்டு தரம் எடுத்துவந்து நிரப்பித் திருப்பி வைக்கிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களின் போன்களில் ஏதாவது இருக்குமா என்று தேடக் கிளம்பினேன். கணவர் கேட்காமலே வண்டியை எடுத்தார். தம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் நாலு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சுற்றினார். பதினோரு போன் பார்த்தோம். பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தியும் செல்ஃபியும்தான். ஒரே ஒரு துண்டில் பெண்ணின் அப்பா இருந்தார். மண்டபத்து வாசலில் நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "யோவ், அந்த ஜெனரேட்டர இன்னும் தள்ளி வையேன்யா! நாயனம் ஒண்ணும் காதுல வுழல!" பன்னிரண்டு நொடி. குரல் தெளிவாக இருந்தது.

அதையும் மற்ற துண்டுகளையும் சேர்த்து இருபது நிமிஷப் படமாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டார். பெண் வெளியே வரவில்லை. உள்ளே இருப்பது தெரிந்தது, கொலுசுச் சத்தம் கேட்டது. அவள் வராதது சரிதான். என் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன்.

ஸ்டூடியோக்காரர் அந்தத் தை முழுக்க எனக்கு வேலை கொடுக்கவில்லை. பங்குனியில் ஒரு காதுகுத்தோடு வந்தார். இந்தத் தடவை கார்டை அழிக்காமல், நான் முடித்துக் கொடுக்கும்வரை அவரே பத்திரமாக வைத்திருந்தார்.

போன மாசம் ஒருநாள் காலையில் சர்வரிலிருந்து போனுக்குத் தகவல் வந்தது. டிஸ்க் ஒன்று பழுது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று செத்திருந்தது, இன்னொன்றில் எல்லாமே திறந்தது. ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. மாற்றுக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். மெஷின் தானாக நல்லதிலிருந்து புதியதுக்கு எழுத ஆரம்பித்தது. பத்து சதவீதம் ஆகும்போது அரிசி களைந்தேன். முப்பது ஆகும்போது குழம்பு கொதித்தது. சாயந்திரம் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன், நூறு என்றிருந்தது. எதுவும் தொலையவில்லை. யாருக்கும் நான் போன் பண்ணிச் சொல்ல வேண்டி வரவில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் நடந்ததாகவே தெரியாது.

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நூறையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவுதான். ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு கூடைத் துணி. முதல் டிஸ்க் செத்த அந்த வியாழக்கிழமையும் இவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும்.